ராத்திரி ஒன்பது மணிக்கு எந்தக் கரண்ட்?

பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோட்டில் புடவைக் கடை வைத்திருக்கும் நண்பர், ஆன்லைனில் விற்பதற்காக ஒரு வெப்சைட் போட்டார். ஹோஸ்டிங் கம்பெனியின் விளம்பரத்தில் பச்சை இலைப் படத்தோடு, "முழுக்க முழுக்கப் பசுமை மின்சாரம்" என்று இருந்தது. அவர் கேட்டார்: "காத்தாடி கரண்ட், கரி கரண்ட்டுன்னு பிரிச்சா அனுப்புவாங்க? எல்லாம் ஒரே கம்பியிலதானே வருது?"

நல்ல கேள்வி. புழல் ஏரியை நினைத்துக்கொண்டால் பதில் பாதி கிடைத்துவிடும். மழைத் தண்ணீரும் அதில் சேர்கிறது, கண்டலேறிலிருந்து பூண்டி வழியாகக் கால்வாயில் வரும் கிருஷ்ணா தண்ணீரும் சேர்கிறது. குழாயைத் திறந்தால் எது எந்தத் தண்ணீர் என்று யாராலும் சொல்ல முடியாது. யார் எவ்வளவு விட்டார்கள், யார் எவ்வளவு எடுத்தார்கள் என்ற கணக்குதான் இருக்கும். மின்கட்டமைப்பும் அப்படித்தான். முப்பந்தலில் காற்றாலை சுற்றுகிறது, கமுதியில் 2016 முதல் 648 மெகாவாட் சூரிய மின் நிலையம் ஓடுகிறது. வெப்சைட்டுகளைத் தாங்கும் சர்வர் கணினிகளை அடுக்கி வைத்திருக்கும் கட்டடம்தான் டேட்டா சென்டர். அந்த மின்சாரத்தில் இத்தனை யூனிட்டை அது தன் பெயரில் வாங்கிக்கொள்கிறது. அந்த மின்சாரமேதான் அதன் கட்டடத்துக்குள் வந்தது என்று அர்த்தம் இல்லை.

ஆனால் ஏரிக்கும் கட்டமைப்புக்கும் ஒரு பெரிய வித்தியாசம் உண்டு. ஏரி தேக்கி வைக்கும். கட்டமைப்பு தேக்காது. இந்த நொடியில் எவ்வளவு செலவாகிறதோ, அவ்வளவும் இந்த நொடியிலேயே உற்பத்தியாக வேண்டும். கொஞ்சம் குறைந்தாலும் 50 ஹெர்ட்ஸில் நிற்க வேண்டிய அலைவெண் இறங்கத் தொடங்கிவிடும்.

பெரும்பாலான "பசுமை" கணக்குகள் வருடக் கணக்குகள். வருடத்துக்கு இவ்வளவு யூனிட் செலவழித்தோம், அவ்வளவு யூனிட் சூரிய, காற்று மின்சாரம் வாங்கினோம், நேராகிவிட்டது என்பார்கள். அதாவது ஆடியில் அடித்த காற்றைக் கார்த்திகை ராத்திரிக்கு வரவு வைக்கிறார்கள். தமிழ்நாட்டில் காற்றாலை பலமாகச் சுற்றுவது மே முதல் செப்டம்பர் வரைதான். கார்த்திகையில் ராத்திரி ஒன்பது மணிக்குக் காற்றும் குறைவு, வெயிலும் கிடையாது. சர்வர் மட்டும் ஓடிக்கொண்டே இருக்கும்.

அந்த நேரத்தில் பெரும்பாலும் எரிவது நிலக்கரி. வடசென்னைக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. வல்லூரில் 1,500 மெகாவாட். அத்திப்பட்டு வடசென்னை அனல்மின் நிலையத்தில் முதல் இரண்டு கட்டங்கள் சேர்ந்து 1,830, அதோடு 2024 மார்ச்சில் தொடங்கி வைத்த 800 மெகாவாட் மூன்றாம் கட்டம். ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 700 கிராம் நிலக்கரி எரிய வேண்டும். நம் நாட்டு நிலக்கரியில் மூன்றில் ஒரு பங்கு போலச் சாம்பல்தான், ஆக யூனிட்டுக்கு இரண்டு கைப்பிடி சாம்பல். கொசஸ்தலை ஆற்று முகத்துவாரத்தில் இறால் பிடிப்பவர்களின் காலடியில் படிந்து கிடக்கும் சாம்பல் வெளிறிய சேற்றைப் பார்த்தவர்களுக்கு, வருடக் கணக்கு நேரானது போதாது என்று புரியும். மணிக்கு மணி கணக்கு நேராக வேண்டும். இந்த விஷயத்தில் நான் உறுதியாகச் சொல்லக்கூடியது இதுதான்.

சரி, எப்படி நேராக்குவது?

முதலில் தேவையைக் குறைக்க வேண்டும். திருவொற்றியூர் போகிற நாலு பேர் நாலு ஆட்டோ பிடிக்காமல் ஒரே ஷேர் ஆட்டோவில் போவது மாதிரி, 'கிளவுட்' என்கிற மேகக் கணினியில் பல கடைகளின் வெப்சைட்டுகள் ஒரே சர்வரில் உட்காருகின்றன. சும்மா இருக்கும் சர்வரும் கணிசமாகக் கரண்ட் குடிக்கும் என்பதால், இதில் கிடைக்கும் மிச்சம் பெரியது.

அடுத்தது சூடு. சர்வருக்குள் போகும் மின்சாரம் கடைசியில் சூடாகத்தான் வெளியே வருகிறது. அதை வெளியேற்றத் தனியாகக் கரண்ட் வேண்டும். மொத்தச் செலவைக் கணினிகளின் செலவால் வகுத்து வரும் எண்ணுக்குப் பி.யு.இ. என்று பெயர். 1.5 என்றால், கணினிக்கு ஒரு யூனிட், பெரும்பாலும் குளிரூட்டலுக்கென்று இன்னொரு அரை யூனிட். பின்லாந்தின் ஹாமினாவில் கூகுள் கடல் தண்ணீரை உள்ளே இழுத்தே குளிர வைக்கிறது. நம் கடற்கரைத் தண்ணீர் ஏறக்குறைய வருடம் முழுக்க வெதுவெதுப்பு. தண்ணீரை ஆவியாக்கிக் குளிர்விப்பதும் இங்கே முழுப் பலன் தராது. வேர்வையே காயாத புழுக்கத்தில் தண்ணீர் எப்படி ஆவியாகும்? அதோடு அதற்குத் தண்ணீர் ஏகமாகச் செலவாகும், கோடையில் லாரித் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் ஊரில்.

நமக்கு ஏற்ற வழி காசிமேட்டில் இருக்கிறது. விசைப்படகு கடலுக்குக் கிளம்பும் முன் ஐஸ் ஏற்றுவதைப் பாருங்கள். பாளம் பாளமாக ஐஸ் பார் மிஷினுக்குள் சரியும், கரகரவென்று நொறுங்கிப் படகின் அடிவயிற்றில் கொட்டும். நடுக்கடலில் கரண்ட் கிடையாது. கரையில் செலவான மின்சாரத்தைத்தான் ஐஸாக்கி மூட்டை கட்டிக் கொண்டு போகிறார்கள். ஒரு கிலோ ஐஸ் உருக 334 கிலோஜூல் சூட்டை உறிஞ்சும். 50 கிலோ பார் ஒன்று, 500 வாட் சர்வரின் சூட்டை ஒன்பது மணி நேரம் தாங்கும். வீட்டு ஏசியை ஒன்றரை டன் என்கிறோமே, அந்த டன்னும் இந்த ஐஸ் கணக்குதான்: 907 கிலோ எடையுள்ள அமெரிக்க டன் ஐஸ் ஒரு நாளில் உருகினால் எவ்வளவு சூட்டை இழுக்குமோ, அவ்வளவு.

டேட்டா சென்டரிலும் இதைச் செய்யலாம். உச்சி வெயிலில் சூரிய மின்சாரம் மிதமிஞ்சி வரும்போது குளிரூட்டியை முழு வேகத்தில் ஓட்டி, பெரிய தொட்டியில் ஐஸாகவோ குளிர்ந்த நீராகவோ சேர்த்துக்கொள்ள வேண்டும். பொழுது சாய்ந்ததும் குளிரூட்டியைக் குறைத்துவிட்டுத் தொட்டிக் குளிரில் ஓட்டலாம். ஐஸாக்கக் கூடுதல் கரண்ட் பிடிக்கும் என்பதால் பல இடங்களில் குளிர்நீர்த் தொட்டியே போதும் என்கிறார்கள். சர்வருக்கான கரண்ட்டை மட்டும் இப்படித் தள்ளிவைக்க முடியாது. அதற்கு பேட்டரி வேண்டும், இல்லையென்றால் கோவை மாவட்டத்துக் காடம்பாறை நீர்மின் நிலையம் மாதிரி ஏற்பாடு வேண்டும். அங்கே மிச்ச மின்சாரத்தில் தண்ணீரை மேல் அணைக்கு ஏற்றி, தேவைப்படும்போது இறக்கி 400 மெகாவாட் வரை எடுக்கிறார்கள்.

அப்புறம், வேலையையே நகர்த்தலாம். புடவைப் படத்தைப் பார்க்க வரும் வாடிக்கையாளரைக் காக்க வைக்க முடியாது. பேக்கப் எடுப்பது, வீடியோவைச் சுருக்குவது போன்றவை காத்திருக்கும். கூகுள் 2020 முதல் இப்படிப்பட்ட வேலைகளைக் காற்றும் வெயிலும் அதிகமுள்ள நேரத்துக்குத் தள்ளி வருகிறது.

நண்பரின் வெப்சைட் பேக்கப் விடிகாலை இரண்டு மணிக்கு என்று இருந்தது. மதியம் ஒரு மணிக்கு மாற்றினோம். அப்புறம் கல்லாவில் உட்கார்ந்தபடியே போனை எடுத்து ஹோஸ்டிங் கம்பெனிக்கு எழுதினார்: "உங்கள் பசுமைக் கணக்கு வருடத்துக்கா, மணிக்கு மணியா? டேட்டா சென்டர் எந்த ஊரில்?"