ரத்த குரூப் பார்த்துட்டுத்தான் கட்டினோம்

போன வாரம் வாழப்பாடிப் பக்கமிருந்து 9 வயதுப் பெண் ஒருத்தியைக் கூட்டி வந்தார்கள். முகம் வெளிறிக் கிடந்தது. "ரத்தம் பத்தலைன்னு ஆறு மாசமா டானிக் குடுக்கறோம், ஏறவே மாட்டேங்குது டாக்டரம்மா" என்றார் பாட்டி. உயரமோ ஆறு வயதுப் பிள்ளைக்குரியது. ராத்திரி தலைமாட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் இல்லாமல் படுக்க மாட்டாளாம். நாலு தரம் எழுந்து ஒன்றுக்குப் போவாள், சில நாள் பாயிலேயே போய்விடுவாள். சேலத்து வெயிலுக்குத் தாகம் எடுக்காதா என்று விட்டிருக்கிறார்கள். ஏற்காட்டில் அத்தை வீட்டுக்குப் போனபோதும் சொம்பு கூடவே போயிருக்கிறது.

சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவு கிரியேட்டினின். அவள் ரத்தத்தில் அது 5.8. சிறுநீரகம் கிட்டத்தட்ட செயலிழந்துவிட்டது.

அம்மா, தாய்மாமனைக் கட்டியவர். நான் கேட்பதற்குள் பாட்டி முந்திக்கொண்டார்: "ரத்த குரூப் வேற வேறன்னு லேப்ல பார்த்துட்டுத்தான் கட்டி வெச்சோம்."

குரூப் வேறென்றால் சொந்தத்தில் கட்டினாலும் பிள்ளைக்குக் குறை வராது என்ற இந்த நம்பிக்கையைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. மனித உடம்பில் சுமார் 20,000 மரபணுக்கள் இருக்கின்றன. ஏ, பி, ஓ என்று பிரிப்பது அதில் ஒன்று. பாசிட்டிவா நெகட்டிவா என்பது இன்னொன்று. இரண்டை மட்டும் பார்த்துவிட்டு மிச்சத்துக்கெல்லாம் யார் சான்று கொடுத்தது? கூடப்பிறந்த அண்ணன் தங்கைக்கே குரூப் வேறாக இருக்கும். அதனால் அவர்கள் அந்நியர் ஆகிவிடுவார்களா?

அடுத்தது, "எங்க வம்சத்துல யாருக்கும் கிட்னி கோளாறே இல்லையே". இருக்காது. பழுதான மரபணுப் பிரதி ஒன்றே ஒன்று இருந்தால் 80 வயது வரை ஒரு குறையும் தெரியாது. அப்பாவிடமிருந்து ஒன்று, அம்மாவிடமிருந்து ஒன்று என இரண்டும் சேர்ந்தால்தான் இந்த வகை நோய் வரும். மாமனுக்கும் அக்கா மகளுக்கும் மரபணுக்களில் கால் பங்கு பொது, அத்தை மகனுக்கும் மாமன் மகளுக்கும் எட்டில் ஒரு பங்கு. இருவரிடமும் அதே பழுது இருந்தால் ஒவ்வொரு பிரசவத்திலும் நாலில் ஒரு வாய்ப்பு. முதல் பிள்ளைக்கு வந்துவிட்டது, அடுத்த மூன்றும் தப்பிக்கும் என்ற கணக்கு இல்லை. சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைகளில் பெரும்பாலோர் நன்றாகத்தான் இருக்கிறார்கள், அதையும் சொல்லிவிடுகிறேன். வெளியில் கட்டியவர்களுக்கும் இது வரும்.

இந்தப் பெண்ணுக்கு நெஃப்ரோனாப்தைசிஸ் என்று சந்தேகிக்கிறேன், சிறுநீரகத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கெடுக்கும் பரம்பரை நோய். பொல்லாத நோய். முகம் வீங்காது, பிரஷர் பெரும்பாலும் ஏறாது, சிறுநீரில் புரதமோ ரத்தமோ அவ்வளவாகத் தெரியாது. 'யூரின் நார்மல்' என்று அனுப்பிவிடுவார்கள். லேப்காரர்களுக்கும் ஒரு வேண்டுகோள்: குழந்தையின் ரிப்போர்ட்டில் பெரியவர்களின் அளவை அச்சடிக்காதீர்கள். ஒரு மீட்டர் உயரப் பிள்ளைக்குக் கிரியேட்டினின் 1.0 என்றால், 90-க்கு மேல் இருக்க வேண்டிய சிறுநீரகத்தின் வடிகட்டும் அளவு 41 ஆகிவிட்டது என்று அர்த்தம்.

மரபணுப் பரிசோதனை எதற்கு, வந்தது வந்துவிட்டதே என்கிறார்கள். எந்த நோய் என்று தெரிந்தால்தான் அடுத்து என்ன செய்வது என்று சொல்ல முடியும். மாற்றுச் சிறுநீரகத்தில் நெஃப்ரோனாப்தைசிஸ் திரும்ப வராது. ஆக்சலேட் என்ற உப்பு சிறுநீரகத்தில் படியும் இன்னொரு பரம்பரை நோயில் கோளாறு கல்லீரலில் இருப்பதால், கல்லீரலைக் கவனிக்காவிட்டால் புதுச் சிறுநீரகத்தையும் அது தின்றுவிடும். அடுத்த குழந்தைக்குத் திட்டமிடுவதற்கு முன்பே இந்தக் குழந்தையின் பரிசோதனை முடிவு கையில் இருக்க வேண்டும். தயவுசெய்து, கர்ப்பமான பிறகு ஓடி வராதீர்கள்.

அவளுக்கு 4 வயதில் ஒரு தம்பி. அவனையும் கூட்டி வாருங்கள் என்றேன். "அவன் நல்லாத்தானே ஓடியாடறான்" என்றார் பாட்டி. ராத்திரி தண்ணீர் கேட்கிறானா என்றேன். பாட்டி மகளைத் திரும்பிப் பார்த்தார். வியாழக்கிழமை வரச் சொல்லியிருக்கிறேன்.