1600 சிசி எஞ்சினில் 36 சோக் போடாதீர்கள்

மறுபடியும் அதே கேஸ். ஃபோர்டு எஸ்கார்ட், 1600 சிசி கென்ட் எஞ்சின், கேம் (வால்வுகளைத் திறக்கும் தண்டு) மாற்றவில்லை. இரண்டு வெபர் 40 டிசிஓஇ இரட்டைக் குழாய் கார்புரேட்டர், நான்கு குழாயிலும் 36 மில்லிமீட்டர் சோக். 2500 ஆர்பிஎம்மில் மிதித்தால் திணறுகிறது, பிளக் கரி பிடிக்கிறது, பெட்ரோல் தண்ணீராய்ப் போகிறது. இதற்கு வைத்தியம் என்று மெயின் ஜெட்டை (பெட்ரோலை அளந்துவிடும் துளைத் திருகு) 145, 155, 165 என ஏற்றிக்கொண்டே போயிருக்கிறார்கள். கோளாறு ஜெட்டில் இல்லவே இல்லை.

நான் சொல்லும் சோக், காலையில் ஸ்டார்ட் ஆக இழுத்துவிடும் நாப் அல்ல. கார்புரேட்டர் குழாய்க்குள் செருகும் வெஞ்சுரி வளையம்.

சோக் பெரிதானால் பவர் கூடும் என்ற நம்பிக்கையை எத்தனை முறை சொன்னாலும் விடமாட்டேன் என்கிறார்கள். பிஸ்டன் எவ்வளவு இழுக்குமோ அவ்வளவு காற்றுதான் உள்ளே போகும். அந்தக் காற்றை நெருக்கி வேகப்படுத்துவதே சோக்கின் வேலை. வேகம் இருந்தால்தான் நடுவிலுள்ள துணை வெஞ்சுரியில் அழுத்தம் குறைந்து மெயின் ஜெட் வழியாகப் பெட்ரோல் ஏறும். வளையம் அகலமானால் காற்று சோம்பலாகப் போகும், மெயின் ஜெட் தாமதமாக விழிக்கும். அதுவரை ஸ்லோ ஜெட், அதாவது குறைந்த வேகத்துக்கான சின்ன ஜெட், மட்டுமே எஞ்சினுக்குச் சோறு போடுகிறது. ஒன்று ஓய்ந்து மற்றது தொடங்காத அந்த இடைவெளிதான் நீங்கள் சொல்லும் திணறல். இன்னும் வேலையே தொடங்காத ஜெட்டைப் பெரிதாக்கி என்ன பயன்? தொடங்கியதும் அது அளவுக்கு மீறி ஊற்றும். கீழே பட்டினி, மேலே வெள்ளம். ஒரே எஞ்சினில் திணறலும் கறுத்த பிளக்கும் சேர்ந்து வருவது இதனால்தான்.

கார்புரேட்டர் மேல் இருக்கும் 40 என்ற எண் திராட்டில் தட்டின் விட்டம். அது சோக் அளவு இல்லை.

கணக்கு ஒன்றும் கஷ்டமில்லை. ஒரு சிலிண்டரின் கொள்ளளவை லிட்டரில் எழுதுங்கள். உச்ச பவர் வரும் ஆர்பிஎம்மை ஆயிரத்தால் வகுத்து அதோடு பெருக்குங்கள். வர்க்கமூலம் எடுத்து 20-ஆல் பெருக்கினால் சோக் மில்லிமீட்டரில் வந்துவிடும். 1600 சிசியை நான்கு சிலிண்டருக்குப் பகிர்ந்தால் 0.4; 6000 ஆர்பிஎம் என்றால் 31. அதே எஞ்சின் 6500 வரை நன்றாக இழுத்தால் 32. 36 வேண்டுமென்றால் அது 6500-இல் உச்சம் தொடும் 2 லிட்டர் எஞ்சினாக இருக்க வேண்டும். அப்போதும் 40 உடம்பில் 36 கடைசி எல்லை, 45 டிசிஓஇ-க்கு மாறுவதே நல்லது. லோட்டஸ் எலானின் 1558 சிசி எஞ்சினுக்கே தொடக்கத்தில் 30 சோக்தான் வைத்தார்கள். தயவுசெய்து ரெட்லைன் ஆர்பிஎம்மை (எஞ்சின் தாங்கும் உச்ச வேகம்) கணக்கில் போடாதீர்கள், நீங்கள் அங்கே ஓட்டப்போவதில்லை. இன்னொன்று, சிலிண்டருக்கு ஒரு குழாய் என்றால் மட்டுமே இந்தக் கணக்கு. மினி, எம்ஜிபி போல இரண்டு சிலிண்டர் ஒரே போர்ட்டை (காற்று நுழையும் வழி) பகிரும் எஞ்சினுக்குச் செல்லாது.

சோக் முடிவான பிறகே ஜெட். சோக்கை நான்கால் பெருக்கினால் மெயின் ஜெட்டின் தொடக்க அளவு; 32-க்கு 128, ஆக 130 போடுங்கள். ஏர் ஜெட் (பெட்ரோலோடு சேரும் காற்றை அளக்கும் ஜெட்) அதைவிட 50 கூடுதல், 180. எமல்ஷன் டியூப் (அந்தக் காற்றும் பெட்ரோலும் கலக்கும் துளைக் குழல்) எஃப்16 அல்லது எஃப்9. ஸ்லோ ஜெட் சோக்கைப் பார்த்து அல்ல, சிலிண்டர் கொள்ளளவைப் பார்த்து: 1600-க்கு 40 அல்லது 45. ஊருக்குள் வண்டி பெரும்பாலும் ஸ்லோ ஜெட்டில்தான் ஓடுகிறது. மைலேஜ் போகிறது என்று மெயின் ஜெட்டைக் குறைப்பவர்கள் இதைக் கவனியுங்கள்.

மாட்டும்போது டிரம்பெட்டை (காற்று நுழையும் புனல்) கழற்றி, முதலில் துணை வெஞ்சுரியை எடுங்கள். பிறகு சோக்கைப் பிடித்திருக்கும் ஸ்குருவின் லாக்கைத் தளர்த்தி, ஸ்குருவை முழுதாகப் பின்வாங்குங்கள். சோக் ஒட்டிக்கொண்டால் துருநீக்கி எண்ணெய் விட்டு ஒரு இரவு வையுங்கள். மறுநாள் திராட்டிலை முழுக்கத் திறந்து, எஞ்சின் பக்கமிருந்து மரக்குச்சியால் மெதுவாகத் தட்டுங்கள். ஸ்குரூ டிரைவர் விட்டு நெம்பினால் குழாயின் சுவர் கீறிவிடும். புது சோக்கின் பள்ளம் ஸ்குரூ துளைக்கு நேரே வர வேண்டும். ஸ்குரூ தொட்டதும் இலேசான பிடி போதும், முறுக்கித் தள்ளினால் வளையம் கோணும். துணை வெஞ்சுரியின் பெட்ரோல் துளை, உடம்பிலுள்ள துளையோடு பொருந்துகிறதா என்று டார்ச் அடித்துப் பாருங்கள். அது தவறினால் அந்தச் சிலிண்டர் பட்டினிதான். பழைய செட் வாங்கியிருந்தால் நான்கு சோக்கிலும் பொறித்த எண் ஒன்றுதானா என்று வாசியுங்கள். மூன்று 32, ஒன்று 34 என்று கலந்து விற்கிறார்கள்.

மேனிஃபோல்டில் (கார்புரேட்டரை எஞ்சினோடு இணைக்கும் குழாய்) ஓ-ரிங் தட்டும் இரட்டைச் சுருள் வாஷரும் வைத்து, சுருளுக்கிடையே சுமார் 1 மில்லிமீட்டர் இடைவெளி விட்டு முடுக்குங்கள். நட்டை இறுக்கி நசுக்கினால் அதிர்வில் மிதவை அறைப் பெட்ரோல் நுரைக்கும். பெட்ரோல் அழுத்தம் 3 பிஎஸ்ஐ அளவில் நிற்கட்டும்.

இதையெல்லாம் விட முக்கியமானது: பட்டினி கிடக்கும் எஞ்சின் டிரம்பெட் வழியாகத் தீயைத் துப்பும். ஏர் ஃபில்டர் இல்லாமல், பெட்ரோல் கசியும் பைப்போடு அதை ரோட்டில் ஓட்டாதீர்கள். கைக்கு எட்டும் இடத்தில் தீயணைப்பான் இருக்கட்டும்.

இத்தனை நாள் பெரிய ஜெட்டில் ஓட்டியிருந்தால் ஆயில் டிப்ஸ்டிக்கை எடுத்து முகர்ந்து பாருங்கள். பெட்ரோல் வாடை அடித்தாலோ, ஊற்றாமலே ஆயில் மட்டம் ஏறியிருந்தாலோ, சிலிண்டர் சுவரின் எண்ணெய்ப் படலம் கழுவிப்போகிறது என்று அர்த்தம். ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றிவிட்டு, பிறகு புது சோக்கோடு ஸ்டார்ட் செய்யுங்கள்.