நடக்காத சம்பவம் நினைவாவது எப்படி?

சிறுவயதில் பள்ளிச் செவிலியர் ஒருவர் உங்கள் சுண்டுவிரலிலிருந்து துளித் தோலைப் பரிசோதனைக்காக எடுத்துப் போனது நினைவிருக்கிறதா? பிரிட்டனில் படித்துக்கொண்டிருந்த பல்கலைக்கழக மாணவர்களிடம் உளவியலாளர்கள் ஜூலியானா மட்சோனியும் அமினா மேமனும் இந்தச் சம்பவத்தைப் பற்றிக் கேட்டார்கள். அந்த நாட்டில் குழந்தைகளுக்கு அப்படியொரு பரிசோதனை செய்யப்பட்டதற்கு மருத்துவப் பதிவுகளில் எந்தத் தடயமும் கிடையாது. மாணவர்களைக் காட்சியை மனக்கண்ணில் ஓட்டிப் பார்க்கச் சொன்னார்கள். மறுபடி கேட்டபோது, அது தங்களுக்கு நடந்திருக்கும் என்ற எண்ணம் வலுத்திருந்தது. சிலர் சம்பவத்தின் விவரங்களையே சொல்லத் தொடங்கினார்கள். வேறொரு சம்பவத்தைக் கற்பனை செய்து, இதைப் பற்றி வாசிக்க மட்டும் செய்தவர்களிடம் இந்த மாற்றம் குறைவாகவே தென்பட்டது. 2003இல் வெளியான இந்த ஆய்வில் யாரும் போலிப் புகைப்படம் காட்டவில்லை, பெற்றோரின் பெயரைச் சொல்லி நம்பவைக்கவும் இல்லை. கற்பனை ஒன்றே போதுமானதாக இருந்தது.

இதற்கு முன்னோடி, மேரியன் கேரி, எலிசபெத் லாஃப்டஸ் உள்ளிட்டோர் 1996இல் வெளியிட்ட ஆய்வு. 40 சிறுவயதுச் சம்பவங்களைப் பட்டியலிட்டு, ஒவ்வொன்றும் தனக்கு நடந்திருக்க எவ்வளவு வாய்ப்பு என்று குறிக்கச் சொன்னார்கள். இரண்டு வாரம் கழித்து, அவற்றில் சிலவற்றை மட்டும் கற்பனை செய்யச் சொன்னார்கள். உதாரணமாக: வீட்டுக்குள் விளையாடிக்கொண்டிருக்கிறீர்கள், வெளியே ஏதோ சத்தம், ஜன்னலை நோக்கி ஓடுகிறீர்கள், கால் தடுக்கி, கை கண்ணாடியை உடைத்துக்கொண்டு போகிறது. பிறகு, முதலில் நிரப்பிய தாள்கள் காணாமல் போய்விட்டன என்று சொல்லி அதே பட்டியலை மறுபடி நிரப்ப வைத்தார்கள். ஜன்னல் காட்சியைக் கற்பனை செய்தவர்களில் 24 விழுக்காட்டினருக்கு, அது நடந்திருக்கும் என்ற நம்பிக்கை கூடியிருந்தது. கற்பனை செய்யாதவர்களில் இது 12 விழுக்காடு. ஒரே கேள்வியை இரண்டு தடவை கேட்டாலே பதில் கொஞ்சம் நகரும் என்பதால் அந்த 12ஐக் கழித்துத்தான் பார்க்க வேண்டும். கழித்த பிறகும் மீதி இருந்தது. சில நிமிடக் கற்பனையின் விளைவு அது.

ஆனாலும் ஒரு நியாயமான சந்தேகம் எழுந்தது. உண்மையிலேயே நடந்து மறந்துபோன ஒன்றைத்தான் கற்பனை கிளறி எடுத்துவிட்டதோ? சுண்டுவிரல் ஆய்வின் மதிப்பு இங்கேதான். நடந்திராத ஒன்றைக் கிளறி எடுக்க முடியாது.

கற்பனைக்கு இந்த வலிமை எங்கிருந்து வருகிறது? நினைவு அப்படியே பத்திரப்படுத்தி வைத்த பதிவு அல்ல என்று பிரிட்டிஷ் உளவியலாளர் ஃபிரெடரிக் பார்ட்லெட் 1932இலேயே வாதிட்டார். நினைவுகூரும் ஒவ்வொரு முறையும் மனம் கைக்குக் கிடைத்த துண்டுகளிலிருந்து சம்பவத்தைத் திரும்பக் கட்டுகிறது. இடைவெளிகளைப் பொது அறிவாலும் எதிர்பார்ப்பாலும் நிரப்பிக்கொள்கிறது. மூளை ஆய்வுகள் பின்னாளில் இதற்கு வலு சேர்த்தன. ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி இரு பக்கமும் சேதமடைந்தால் புதிய சம்பவங்களை நினைவில் வைத்துக்கொள்ள முடியாது என்பது ஏற்கெனவே தெரிந்ததுதான். 2007இல் டெமிஸ் ஹசாபிஸ், எலினார் மக்குவைர் குழுவினர் அத்தகைய நோயாளிகளிடம் வேறொன்றைக் கேட்டார்கள்: ஒரு வெண்மணல் கடற்கரையில் படுத்திருப்பதாகக் கற்பனை செய்து, பார்ப்பதைச் சொல்லுங்கள். பெரும்பாலானோரால் முடியவில்லை. வானம், மணல் என்று துண்டு துண்டாக வந்ததே தவிர, ஒன்றோடொன்று பொருந்திய காட்சி எழவில்லை. கடந்ததை மீட்பதும் நடக்காததைப் படைப்பதும் ஒரே தறியில்தான் நெய்யப்படுகின்றன.

ஒரே இடத்தில் உருவாகின்றன என்றால், எது நடந்தது, எது நினைத்துப் பார்த்தது என்று மூளை எப்படிப் பிரித்தறிகிறது? இந்தக் கேள்விக்கு மார்சியா ஜான்சனும் கேரல் ராயும் 1981இல் முன்வைத்த பதில்தான் இந்தத் துறையின் முதுகெலும்பு என்பேன். ஒரு நினைவின் மேல் 'இது நிஜம்', 'இது கற்பனை' என்ற முத்திரை எதுவும் இருப்பதில்லை. நினைவு எழுந்த பிறகு, அதன் தன்மையைப் பார்த்து மூளை தீர்ப்புச் சொல்கிறது. நிஜ அனுபவத்தில் நிறம், ஒலி, மணம், இடம், நேரம் எல்லாம் செறிவாக இருக்கும். கற்பனையில் இவை மங்கலாக இருக்கும். பதிலாக, யோசித்து முயன்று உருவாக்கியதன் சுவடு ஒட்டியிருக்கும். அன்றாட வாழ்க்கைக்கு இந்தக் கணிப்பு பெரும்பாலும் போதும். கதவைப் பூட்டினோமா, பூட்ட நினைத்தோமா என்ற குழப்பம் எப்போதாவதுதான் வருகிறது.

இப்போது ஒரே காட்சியைத் திரும்பத் திரும்பக் கற்பனை செய்தால் என்ன ஆகும் என்று யோசியுங்கள். முதல் தடவை வெறும் ஜன்னல். இரண்டாம் தடவை திரைச்சீலைக்கு நிறம் வந்துவிடுகிறது. மூன்றாம் தடவை கண்ணாடி நொறுங்கும் ஓசையும் உள்ளங்கையின் எரிச்சலும் சேர்கின்றன. புலன் விவரங்கள் கூடக்கூட, அதே வேகத்தில் முயற்சியின் சுவடு தேய்கிறது. பழகிய காட்சி தானாகவே வந்து நிற்கிறது. மூளை எந்த இரண்டு அடையாளங்களை வைத்து நிஜத்தையும் கற்பனையையும் பிரிக்கிறதோ, அவை இரண்டையும் கற்பனை ஒரே பக்கமாகச் சாய்த்துவிடுகிறது. பொய் நினைவு பழுதான மூளையின் வேலை அல்ல. சரியாக வேலை செய்யும் மூளை, தான் எப்போதும் நம்பும் சான்றுகளைக் கொண்டே தவறான முடிவுக்கு வருகிறது.

இதன் தடயத்தை மூளைக்குள் நேரடியாகவே பார்த்திருக்கிறார்கள். பிரையன் கொன்சால்வெஸ், கென் பாலர் குழுவினர் 2004இல் வெளியிட்ட சோதனையில், பங்கேற்பாளர்கள் ஸ்கேன் கருவிக்குள் படுத்தபடி ஒவ்வொரு பொருளின் பெயரையும் பார்த்து அதன் உருவத்தை மனத்தில் கொண்டுவர வேண்டும். சில பெயர்களுக்குப் பின் அந்தப் பொருளின் படமும் காட்டப்பட்டது, மற்றவற்றுக்கு இல்லை. பிறகு, எந்தெந்தப் பொருளின் படத்தைப் பார்த்தீர்கள் என்று கேட்டார்கள். காட்டாத படத்தைப் பார்த்ததாகச் சிலவற்றுக்குச் சொன்னார்கள். அந்தப் பொருள்களைக் கற்பனை செய்த நேரத்தில், காட்சிக் கற்பனையோடு தொடர்புள்ள பிரிகியூனியஸ் போன்ற பகுதிகளில் செயல்பாடு கூடுதலாக இருந்தது. பின்னால் எந்தப் பொருள் பொய் நினைவாக மாறும் என்பதற்கான அறிகுறி கற்பனை செய்யும் நொடியிலேயே தெரிகிறது.

பிரித்தறியும் திறன் ஆளுக்கு ஆள் வேறுபடவும் செய்கிறது. மூளையின் முன்பகுதியில் பாராசிங்குலேட் என்ற மடிப்பு சிலருக்குத் தெளிவாக உண்டு, சிலருக்கு இல்லவே இல்லை. இரு பக்கமும் அது இல்லாத ஆரோக்கியமான மனிதர்கள், பார்த்ததையும் கற்பனை செய்ததையும் பிரிப்பதில் சற்றுப் பின்தங்குகிறார்கள் என்று ஜான் சைமன்ஸ் குழு 2011இல் கண்டறிந்தது. வியப்பு என்னவென்றால், தங்கள் நினைவாற்றலில் குறை இருப்பதாக அவர்கள் உணர்வதில்லை.

விசித்திரமான காட்சி என்றால் மூளை ஏமாறாது என்று தோன்றலாம். வெஸ்லியன் பல்கலைக்கழகத்தில் ஜான் சீமன் தலைமையில் நடந்த ஆய்வு அந்த நம்பிக்கையையும் அசைத்தது. மாணவர்களை வளாகத்தில் நடக்கவைத்து, வெவ்வேறு இடங்களில் சில செயல்களைச் செய்யவும் சிலவற்றைச் செய்வதாகக் கற்பனை மட்டும் செய்யவும் சொன்னார்கள். குளிர்பான இயந்திரத்தின் முன் மண்டியிட்டுத் 'என்னைக் கல்யாணம் செய்துகொள்' என்று கேட்பதும் அவற்றில் ஒன்று. இரண்டு வாரம் கழித்து, கற்பனை மட்டும் செய்த விசித்திரச் செயல்களில் சிலவற்றையும் தாங்கள் செய்ததாகவே அவர்கள் நினைவுகூர்ந்தார்கள்.

அதற்காக, கற்பனை செய்ததெல்லாம் நினைவாகிவிடும் என்று சொல்லவில்லை. தன் வாழ்க்கையில் நடந்திருக்கவே வாய்ப்பில்லை என்று ஒருவர் கருதும் சம்பவத்தில் இந்த விளைவு வலுவிழக்கிறது என்று கேத்தி பெஸ்டெக்கின் ஆய்வுகள் காட்டுகின்றன. அத்துடன், நடந்திருக்கும் என்று நம்புவது வேறு, நடந்ததைக் கண்முன் காண்பது வேறு. போலிச் சிறுவயதுச் சம்பவங்களைப் பதியவைக்க முயன்ற எட்டு ஆய்வுகளின் 423 நேர்காணல் பதிவுகளை ஆலன் ஸ்கொபோரியா உள்ளிட்டோர் 2017இல் ஒரே அளவுகோலால் மறுபடி மதிப்பிட்டபோது, திணிக்கப்பட்ட போலிச் சம்பவத்தை முழு நினைவாகவே சொன்னவர்கள் சுமார் 30 விழுக்காடு. இன்னொரு 23 விழுக்காட்டினர் காட்சி எழாமலேயே ஓரளவு ஒப்புக்கொண்டிருந்தார்கள்.

நம்பிக்கை போன பிறகும் காட்சி மட்டும் தங்கிவிடுவதும் உண்டு. குழந்தை உளவியலின் முன்னோடி ஜான் பியாஜே, இரண்டு வயதில் தன்னை ஒருவன் கடத்த முயன்றதையும், தாதி போராடித் தடுத்ததில் அவள் முகத்தில் விழுந்த கீறல்களையும் தெளிவாக நினைவு வைத்திருந்தார். அவருக்கு ஏறத்தாழ 15 வயதானபோது அந்தத் தாதியிடமிருந்து பெற்றோருக்குக் கடிதம் வந்தது: கதை முழுக்கத் தான் புனைந்தது, பரிசாகப் பெற்ற கடிகாரத்தைத் திருப்பித் தருகிறேன். பியாஜே பார்த்தது கேட்ட கதைக்கு அவரது கற்பனை தந்த உருவம். பொய் என்று தெரிந்த பின்னும் அதைத் தன் தெளிவான நினைவுகளில் ஒன்றாகத்தான் அவர் விவரித்தார்.

இந்த விஷயம் ஆய்வகத்தோடு நின்றிருந்தால் கவலைப்பட ஒன்றுமில்லை. ஆனால் 1980களிலும் 90களிலும் அமெரிக்காவில் சில மனநல சிகிச்சையாளர்கள், சிறுவயது வன்கொடுமையின் நினைவு புதைந்திருக்கும் என்று கருதி, நோயாளிகளைக் கண்மூடிக் கற்பனை செய்யவைத்தார்கள், ஹிப்னாடிசத்தையும் பயன்படுத்தினார்கள். விஸ்கான்சின் மாநிலத்தில் ஒரு பெண்ணுக்கு, தான் ஒரு சாத்தான் வழிபாட்டுக் குழுவில் இருந்ததாகவும் குழந்தைகளைத் தின்றதாகவும் நினைவுகள் உருவாயின. அவர் தொடுத்த வழக்கு 1997இல் 24 லட்சம் டாலர் இழப்பீட்டில் முடிந்தது. உண்மையான வன்கொடுமை ஏராளம். அதைச் சொல்ல முன்வருபவர்களைச் சந்தேகிக்க இந்த ஆய்வுகளைக் கருவியாக்குவது பெரும் அநியாயம். ஆபத்து, 'ஒருவேளை நடந்திருந்தால் எப்படி இருந்திருக்கும், கற்பனை செய்யுங்கள்' என்று தூண்டும் முறையில்தான் இருக்கிறது. 1980களில் ரொனால்ட் ஃபிஷரும் எட்வர்ட் கைசல்மனும் சாட்சிகளை விசாரிக்க உருவாக்கிய முறையிலும் மனத்தளவில் சம்பவ இடத்துக்குத் திரும்பிப் போகச் சொல்வார்கள். ஆனால் ஊகித்துச் சொல்ல வேண்டாம், தெரியாவிட்டால் தெரியாது என்று சொல்லலாம் என்பதையும் சேர்த்தே சொல்வார்கள். இந்த வேறுபாட்டை விசாரணை நடத்தும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டும் என்று விரும்புகிறேன்.

உருவான பொய் நினைவைக் கலைக்கவும் முடிகிறது. ஐலீன் ஓபெர்ஸ்ட் குழுவினர் 2021இல் வெளியிட்ட ஜெர்மானிய ஆய்வில், பெற்றோரின் ஒத்துழைப்போடு 52 பேரிடம் போலிச் சிறுவயதுச் சம்பவங்களைப் பல அமர்வுகளில் பதியவைத்தார்கள். பிறகு இரண்டே விஷயங்களை எடுத்துச் சொன்னார்கள்: சிறுவயது நினைவு சில சமயம் குடும்பக் கதைகளிலிருந்தோ புகைப்படங்களிலிருந்தோ வந்திருக்கலாம், திரும்பத் திரும்ப நினைவுகூரச் சொன்னாலே பொய் நினைவு உருவாகலாம். எந்தச் சம்பவம் பொய் என்று யாரும் காட்டிக்கொடுக்கவில்லை. போலி நினைவுகள் பெருமளவு கலைந்தன; உண்மையான நினைவுகளுக்குக் குறிப்பிடத்தக்க பாதிப்பு இல்லை.