தோல் நோயைப் போனில் படமெடுக்கும்போது

போன் கேமரா முகத்தை அழகாகக் காட்டப் பழக்கப்பட்டது. சுருக்கத்தை மழுப்பும், நிழலை வெளுக்கும், நிறத்தைத் தன் கணக்குக்குத் திருத்தும். தோல் மருத்துவருக்கு வேண்டியதோ அந்தச் சுருக்கமும் நிழலும் நிறமும்தான். அதனால் பியூட்டி, ஃபில்டர், போர்ட்ரெய்ட் எல்லாவற்றையும் முதலில் அணைத்துவிட வேண்டும்.

புண் சிறியதாயிற்றே என்று போனைத் தோலருகே கொண்டுபோனால் ஃபோகஸ் நிற்காது. சில போன்கள் அப்போது சத்தமில்லாமல் அகலக்கோண லென்ஸுக்கு மாறிவிடும். நடுப்பகுதி உப்பி, ஓரம் இழுபட்டு, புண்ணின் வடிவமே மாறிப்போகும். 20 முதல் 30 செ.மீ. தள்ளிப் பிடித்து 2 மடங்கு ஜூம் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை. திரையில் புண்ணின் மேல் தொட்டு ஃபோகஸ் செய்யுங்கள். முடி அடர்ந்த இடமென்றால் ஃபோகஸ் முடியில் போய் உட்காரும், ஒதுக்கிவிட்டு எடுக்கவும்.

அதிகம் ஏமாற்றுவது நிறம். எது வெள்ளை என்பதைக் கேமரா ஊகித்துத்தான் மற்ற நிறங்களைக் கணக்கிடுகிறது. படம் முழுக்கச் சிவந்த தோலே நிறைந்திருந்தால், வெளிச்சம்தான் சிவப்பு என்று எண்ணி அதைக் குறைத்துவிடும்; தடிப்பு பாதி காணாமல் போகும். பக்கத்தில் வெள்ளைத் தாளும் ஒரு ஸ்கேலும் வைத்தால் நிறத்துக்கும் அளவுக்கும் சாட்சி கிடைக்கும். கருந்தோலில் இன்னொரு சிக்கல்: இருட்டு என்று நினைத்து கேமரா வெளிச்சத்தைக் கூட்டிவிடும். அங்கே அழற்சி சிவப்பாக இல்லாமல் ஊதாவாகவோ கரும்பழுப்பாகவோ தெரியும் என்பதால், வெளுத்த படத்தில் அது கரைந்தே போகும். திரையில் வெளிச்சத்தைச் சற்றே இறக்கி எடுங்கள்.

ஃபிளாஷ் வேண்டாம், பளபளப்பில் செதில் மறையும். ஜன்னல் வெளிச்சம் பக்கவாட்டில் விழுந்தால் மேடு பள்ளம் நிழலோடு தெரியும்.

எந்த இடம் என்று காட்டத் தள்ளி நின்று ஒன்று, கிட்டே ஒன்று, சாய்வாக ஒன்று. செல்ஃபி கேமராவில் இடம் வலம் மாறக்கூடும், பின் கேமராவே சரி. வாட்ஸ்அப்பில் டாக்குமென்ட்டாக அனுப்பினால் படம் சுருங்காது.

சிவப்புப் புள்ளிகள் என்றால் கூடுதலாக ஒரு படம்: கண்ணாடி டம்ளரின் பக்கத்தைப் புள்ளிகளின் மேல் அழுத்திப் பிடித்து, அதன் வழியே. ரத்தக் குழாய்க்குள் இருக்கும் ரத்தம் விலகினால் புள்ளி வெளுக்கும். வெளியே கசிந்த ரத்தம் அப்படியே நிற்கும். காய்ச்சலும் இருந்து புள்ளியும் வெளுக்கவில்லையா? படம் அனுப்பிப் பதிலுக்குக் காத்திருக்காமல் உடனே அவசர சிகிச்சைக்குக் கிளம்பவும்.