தொடக்கநிலை கேமரா எங்கே தோற்றது?

ஜப்பானியக் கேமரா உற்பத்தியாளர்களின் கூட்டமைப்பான சிப்பா, தன் உறுப்பு நிறுவனங்கள் விற்பனைக்கு அனுப்பும் டிஜிட்டல் கேமராக்களின் எண்ணிக்கையை ஆண்டுதோறும் வெளியிட்டு வருகிறது. 2010ஆம் ஆண்டில் அந்த எண்ணிக்கை 12 கோடியைத் தாண்டியது. 2023இல் 77 லட்சமாகக் குறைந்திருந்தது. 2010இன் 12 கோடியில் 10 கோடிக்கும் மேற்பட்டவை, லென்ஸைக் கழற்ற முடியாத சிறிய கேமராக்கள். அந்த வகை 2023இல் ஏறத்தாழ 17 லட்சம் மட்டுமே அனுப்பப்பட்டது. லென்ஸை மாற்றக்கூடிய கேமராக்களுக்கு 2012 உச்ச ஆண்டு. அப்போது அவை சுமார் 2 கோடியாக இருந்தன. அவற்றில் 1 கோடியே 60 லட்சம், லென்ஸின் காட்சியை உள்ளே உள்ள கண்ணாடி வழியே கண்ணுக்குக் காட்டும் டிஎஸ்எல்ஆர் வகையைச் சேர்ந்தவை. 2023இல் டிஎஸ்எல்ஆர் 12 லட்சத்தைக்கூட எட்டவில்லை.

இந்தச் சரிவுக்கு எல்லோரும் சொல்லும் காரணம் கைபேசி. அது பாதி உண்மைதான். சட்டைப்பையில் அடங்கும் சிறிய கேமராவைக் கைபேசி நேருக்கு நேர் வென்றது. கற்றுக்கொள்பவர்களுக்கென்று விற்கப்பட்ட டிஎஸ்எல்ஆரின் முடிவு வேறு வகையானது. ஒளியைப் படமாகப் பதிவுசெய்யும் அதன் சென்சார், கைபேசியின் சென்சாரைவிட இன்றும் பல மடங்கு பெரியது. அப்படியிருந்தும் அது ஏன் தோற்றது என்பதை விளங்கிக்கொள்ள, சென்சார் ஒளியை எப்படி எண்ணுகிறது என்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

ஒளி ஃபோட்டான் என்னும் தனித்தனித் துகள்களாகவே சென்சாரை வந்தடைகிறது. அவை சீரான இடைவெளியில் வருவதில்லை. ஒரு புள்ளிக்குச் சராசரியாக 100 ஃபோட்டான்கள் வர வேண்டிய நேரத்தில் சில சமயம் 92 வரும், சில சமயம் 108 வரும். இந்த ஏற்ற இறக்கத்தின் அளவு, சராசரி எண்ணிக்கையின் வர்க்கமூலத்துக்குச் சமம். ஆகவே 100 ஃபோட்டான்களைப் பெறும் புள்ளியில் ஏற்ற இறக்கம் 10, அதாவது 10 சதவீதம். 10,000 ஃபோட்டான்களைப் பெறும் புள்ளியில் அது 100, அதாவது 1 சதவீதம் மட்டுமே. மங்கலான அறையில் எடுத்த படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும் இரைச்சலில் பெரும்பகுதி இதுதான். இதைக் கேமராவின் குறைபாடு என்று சொல்ல முடியாது. ஒளியின் இயல்பே அப்படி. குறைப்பதற்கு இருக்கும் வழி, அதிக ஒளியைச் சேகரிப்பதுதான்: பெரிய சென்சார், அகன்ற லென்ஸ் துளை அல்லது நீண்ட நேரம்.

சிறிய கேமராக்களில் பரவலாக இருந்த சென்சாருக்கு 1/2.3 அங்குலம் என்று பெயர். அதன் நீள அகலங்களை அளந்து பார்ப்பவருக்கு அந்த அங்குலம் எங்கும் கிடைக்காது. பழைய வீடியோ கேமராக்களில் இருந்த கண்ணாடிக் குழாயின் வெளிவிட்டத்தை ஒட்டி வைத்த பெயர் அது, குழாய் போன பிறகும் ஒட்டிக்கொண்டிருக்கிறது. உண்மையில் அந்தச் சென்சாரின் பரப்பு ஏறத்தாழ 28 சதுர மி.மீ. இன்று உயர்நிலைக் கைபேசிகளின் முதன்மைக் கேமராவில் காணப்படும் 1/1.3 அங்குலச் சென்சாரின் பரப்பு சுமார் 72 சதுர மி.மீ. அதாவது சிறிய கேமராவை எதிர்த்து நின்ற கைபேசி, வசதியில் மட்டுமல்லாமல் ஒளி சேகரிக்கும் பரப்பிலும் அதை விஞ்சிவிட்டது. சிறிய கேமராவுக்கு எஞ்சியது தொலைவிலுள்ளதை அருகில் காட்டும் ஜூம் ஒன்றுதான்.

கைபேசிக்கு இன்னொரு பலமும் உண்டு. திரையில் கேமராவைத் திறந்த நொடியிலிருந்தே அது தொடர்ந்து படங்களை எடுத்து நினைவகத்தில் வைத்துக்கொள்கிறது. நாம் பொத்தானைத் தொடும்போது அவற்றில் பலவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகப் பொருத்திச் சராசரி காண்கிறது. ஒன்பது படங்களைச் சேர்த்தால் ஒன்பது மடங்கு ஃபோட்டான்கள். வர்க்கமூலக் கணக்குப்படி இரைச்சல் மூன்றில் ஒரு பங்காகிறது. கை நடுங்கியதால் படங்கள் சற்றே விலகியிருந்தால் கைபேசியின் செயலி அவற்றை நகர்த்திப் பொருத்தும். கூகுள் தன் பிக்சல் கைபேசிகளில் 2018இல் கொண்டுவந்த இரவுப் படமுறை இந்த உத்தியைப் பரவலாக அறியச் செய்தது. ஆனால் காட்சியில் எதுவும் நகராத வரைதான் இது முழுமையாகப் பலிக்கும். ஓடும் குழந்தையின் ஒன்பது படங்களில் ஒன்பது வேறு கைகால்கள் இருக்கும். அவற்றைச் சேர்க்க முடியாமல் கைபேசி ஒன்றிரண்டு படங்களை மட்டும் நம்ப வேண்டியிருக்கும், உடனே பழைய இரைச்சல் திரும்பிவிடும். அந்த இடத்தில்தான் பெரிய கேமராவுக்கு இன்னும் வேலை இருக்கிறது.

இனி டிஎஸ்எல்ஆருக்கு வருவோம். கேனான் 2003இல் வெளியிட்ட ஈஓஎஸ் 300டி, 6.3 மெகாபிக்சல் கொண்டது. தொழில்முறைக் கலைஞர்களிடம் மட்டுமே இருந்த டிஎஸ்எல்ஆரைப் பொழுதுபோக்காகப் படம் எடுப்பவர்களுக்கும் எட்டும்படி செய்தது அதுதான். நிக்கானின் டி70 அடுத்த ஆண்டு வந்தது. இந்த வகைக் கேமராவின் உடலுக்குள் 45 பாகைச் சாய்வில் ஒரு கண்ணாடி நிற்கிறது. அது லென்ஸின் ஒளியை மேலே திருப்பி, நாம் கண் வைத்துப் பார்க்கும் கண்வில்லைக்கு அனுப்புகிறது. அதற்குப் பின்னால் உள்ள சிறு துணைக் கண்ணாடி, ஒளியின் ஒரு பங்கைக் கீழே உள்ள தனிக் குவிய உணரிக்கு, அதாவது படம் எங்கே தெளிவாக அமையும் என்று கண்டறியும் உணரிக்குத் திருப்புகிறது. பொத்தானை அழுத்தியதும் இரண்டு கண்ணாடிகளும் மடங்கி எழ, ஷட்டர் திறந்து மூடுகிறது. இந்தக் கண்ணாடிகளும் உணரியும் சென்சாரும் மில்லிமீட்டரின் மிகச் சிறு பின்னம்கூடப் பிசகாமல் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும். விலையைக் குறைக்க வேண்டிய மாடலிலும் இந்த இயந்திர வேலையைக் குறைக்க முடியாது. குறைக்க முடிந்தவற்றையே குறைத்தார்கள்: கனமான கண்ணாடிப் பட்டகத்துக்குப் பதில் உள்ளீடற்ற கண்ணாடிக் கூடு, காட்சியில் 95 சதவீதத்தை மட்டும் காட்டும் கண்வில்லை, ஒரே ஒரு சுழல் பொத்தான். எல்லாவற்றுக்கும் மேலாக, கூடவே வந்த மலிவான லென்ஸ்.

என் கணிப்பில் தொடக்கநிலை கேமரா தோற்ற இடம் அந்த லென்ஸ்தான். 18 முதல் 55 மி.மீ. வரை விரியும் அந்தக் கிட் லென்ஸின் துளை, 18 மி.மீ.யில் எஃப் 3.5, 55 மி.மீ.யில் எஃப் 5.6. எஃப் எண் என்பது குவியத் தூரத்தை, அதாவது லென்ஸின் பெயரில் வரும் அந்த மி.மீ. எண்ணை, துளையின் விட்டத்தால் வகுத்தால் கிடைப்பது. எண் சிறிதானால் துளை பெரிது, சென்சாரின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் விழும் ஒளி அந்த எண்ணின் வர்க்கத்துக்கு எதிர்விகிதத்தில் மாறும். தொடக்கநிலை டிஎஸ்எல்ஆரில் இருக்கும், ஏபிஎஸ்-சி எனப்படும் அளவுச் சென்சார் நிக்கானில் ஏறத்தாழ 366 சதுர மி.மீ., அதாவது முன்பு சொன்ன கைபேசிச் சென்சாரைப் போல ஐந்து மடங்கு. ஆனால் கைபேசியின் லென்ஸ் பொதுவாக எஃப் 1.8 அளவில் இருக்கிறது, 3.5க்கும் 1.8க்கும் உள்ள விகிதத்தை வர்க்கமாக்கினால் கிட்டத்தட்ட 3.8 வருகிறது. ஷட்டர் திறந்திருக்கும் நேரம் சமமாக இருந்தால், டிஎஸ்எல்ஆர் அகன்ற கோணத்தில் பெறும் மொத்த ஒளி கைபேசி பெறுவதைப் போல சுமார் 1.3 மடங்குதான். ஐந்து மடங்கு சென்சாரைச் சுமந்து சென்றவரின் கையில் மிஞ்சிய ஆதாயம் அவ்வளவே. அதற்கு மேல் கைபேசி ஒன்பது படங்களைச் சேர்த்துவிட்டால், நிலையான காட்சிகளில் அந்த ஆதாயமும் போய்விடுகிறது. புதிதாக டிஎஸ்எல்ஆர் வாங்கி, பெட்டியில் வந்த லென்ஸோடு மாலை நேரத்து அறையில் படம் எடுத்து, கைபேசிப் படமே மேலாக இருப்பதைக் கண்டு கேமராவை அலமாரியில் வைத்துவிட்டவர்கள் பலர். அவர்களுக்குப் படம் எடுக்கத் தெரியவில்லை என்று சொல்வது நியாயமில்லை.

இதற்கிடையில் உற்பத்தியாளர்களின் கணக்கும் மாறியது. பானசோனிக் 2008இல் வெளியிட்ட ஜி1 கண்ணாடியே இல்லாத மிர்ரர்லெஸ் வகைக்கு வழி திறந்தது. குவியத்தைக் கண்டறியும் வேலையைச் சென்சாரே செய்யத் தொடங்கியபோது கண்ணாடிப் பெட்டியும் தனி உணரியும் தேவையற்றுப் போயின. 2018இல் நிக்கானும் கேனானும், பழைய 35 மி.மீ. பிலிம் அளவுச் சென்சார் கொண்ட ஃபுல் ஃப்ரேம் மிர்ரர்லெஸுக்கெனப் புதிய லென்ஸ் பொருத்துகளை அறிமுகப்படுத்தின. அதே ஆண்டு வந்த நிக்கான் டி3500, அந்தத் தொடக்கநிலை வரிசையின் கடைசி மாடலாக நின்றுவிட்டது. ஒரு கேமராவை வடிவமைக்கும் செலவு அதை எத்தனை பேர் வாங்கினாலும் மாறுவதில்லை. கோடிக்கணக்கில் விற்றபோது ஒவ்வொரு கேமராவின் தலையிலும் சிறிதளவே விழுந்த அந்தச் செலவு, விற்பனை சுருங்கியபோது மலிவான மாடலால் தாங்க முடியாததாகிவிட்டது. எனவே நிறுவனங்கள் குறைவாகச் செய்து, விலையுயர்ந்தவற்றில் இலாபம் பார்க்கத் திரும்பின. இன்றும் தொடக்கநிலை என்ற பெயரில் மிர்ரர்லெஸ் கேமராக்கள் வருகின்றன. ஆனால் கேனான் 2023இல் வெளியிட்ட ஆர்100இல் தொடுதிரை கிடையாது. நிக்கான் இசட்30இலும் சோனி இசட்வி-இ10இலும் கண்வில்லையே கிடையாது, அவை காணொளி எடுப்பவர்களை முன்னிறுத்திச் செய்யப்பட்டவை.

அப்படியானால் இப்போது கற்கத் தொடங்குபவர் எதை எடுத்துக்கொள்வது? கையில் உள்ள கைபேசியே முதல் பள்ளி. சட்டகம், ஒளியின் திசை, எந்தக் கணத்தில் பொத்தானைத் தொடுவது ஆகியவற்றை அதிலேயே பழகலாம். செயலி ஒன்றின் உதவியோடு ஷட்டர் நேரத்தையும் ஒளியுணர்வு அளவான ஐஎஸ்ஓவையும் நாமே வைத்து, பதப்படுத்தாத ரா கோப்பாகவும் சேமிக்கலாம். ஆனால் பெரும்பாலான கைபேசிகளில் லென்ஸின் துளை மாறாது. துளையைத் திறந்தும் சுருக்கியும் எது தெளிவாக, எது மங்கலாக இருக்க வேண்டும் என்று முடிவெடுப்பதை அதில் கற்க முடியாது. போர்ட்ரெய்ட் முறை பின்புலத்தை மங்கலாக்குவது கணக்கிட்டுப் பூசும் பூச்சுதான்; தலைமுடியின் ஓரத்தை உற்றுப் பார்த்தால் பூச்சு தெரிந்துவிடும்.

நான் பரிந்துரைப்பது, ஒருவர் பயன்படுத்தி விற்ற ஏபிஎஸ்-சி டிஎஸ்எல்ஆர் உடலும், கிட் லென்ஸுக்குப் பதிலாக எஃப் 1.8 துளையுள்ள ஜூம் இல்லாத ஒரு லென்ஸும். அதே உடல்தான், ஆனால் 55 மி.மீ.யில் எஃப் 5.6 ஆக இருந்த கிட் லென்ஸை 50 மி.மீ. எஃப் 1.8 ஆக மாற்றினால் சென்சாரில் விழும் ஒளி ஏறக்குறைய 9.7 மடங்காகிறது. துளையின் விட்டத்தைப் பார்த்தால் வேறுபாடு இன்னும் துலக்கமாகத் தெரியும்: கிட் லென்ஸில் சுமார் 10 மி.மீ., 50 மி.மீ. லென்ஸில் சுமார் 28 மி.மீ., கைபேசியில் 4 மி.மீ.க்கும் குறைவு. ஓடும் குழந்தையை வீட்டு விளக்கொளியில் உறையவைக்கத் தேவையான ஒளியும், எந்தக் கணிப்பும் இன்றி இயல்பாகக் கரையும் பின்புலமும் அந்த 28 மி.மீ.யிலிருந்து வருபவை. சிறிய அறைகளில் 50 மி.மீ. நெருக்கமாகத் தோன்றும், அங்கே 35 மி.மீ. வசதி. நிக்கானின் டி3000, டி5000 வரிசை உடல்களில் குவிய மோட்டார் இல்லை என்பதால், மோட்டாரைத் தன்னுள்ளே கொண்ட ஏஎஃப்-எஸ் போன்ற வகை லென்ஸைத்தான் பார்க்க வேண்டும். இதை அறியாமல் பழைய லென்ஸை வாங்கினால் கையால் திருப்பியே குவியம் வைக்க நேரும்.

காணொளிதான் முதல் நோக்கம் என்றால் மிர்ரர்லெஸ் உகந்தது; டிஎஸ்எல்ஆர் காணொளியின்போது கண்ணாடியைத் தூக்கிவிடுவதால், அதன் தனிக் குவிய உணரிக்கு ஒளியே செல்லாது. மிர்ரர்லெஸின் மின்னணுக் கண்வில்லை, படம் எவ்வளவு வெளிச்சமாக அமையப் போகிறது என்பதை எடுப்பதற்கு முன்பே காட்டுவதும் கற்பவர்களுக்குப் பெரிய உதவி. சிறிய கேமராக்களின் எண்ணிக்கை 2024இல் சற்றே ஏறியிருக்கிறது. பழைய டிஜிட்டல் படத்தின் தோற்றத்தை விரும்பும் இளைஞர்கள் அவற்றைத் தேடுகிறார்கள். அது ரசனை சார்ந்த விஷயம், ஒளிக் கணக்குக்கு அதில் இடமில்லை.

பழைய கேமராவை வாங்கும்போது ஷட்டர் எத்தனை முறை இயங்கியிருக்கிறது என்று கேட்க வேண்டும். இவ்வகை உடல்கள் பலவற்றின் ஷட்டர் சுமார் 1 லட்சம் முறை இயங்கும் அளவுக்குச் செய்யப்பட்டது. நிக்கான் கேமராக்கள் இந்த எண்ணிக்கையை ஒவ்வொரு படக் கோப்பிலும் எழுதிவைக்கின்றன. துளையை எஃப் 16க்குச் சுருக்கி வெறும் வானத்தைப் படமெடுத்தால், சென்சாரில் தூசி இருக்கும் இடங்கள் கரும்புள்ளிகளாகத் தெரியும்; அது துடைக்கக்கூடியது. லென்ஸுக்குள் டார்ச் அடித்துப் பார்க்கும்போது சிலந்தி வலைபோல் கிளைத்த வெண்கோடுகள் தெரிந்தால் அது பூஞ்சை, அந்த லென்ஸை வைத்துவிட்டு வந்துவிடலாம்.

டிஎஸ்எல்ஆர் இனி வளராத வகை, அதற்கு வாங்கும் லென்ஸ் வீண்தானே என்று கேட்பவர்கள் உண்டு. கண்ணாடிக்கு இடம் விட வேண்டியிருந்ததால் நிக்கான் டிஎஸ்எல்ஆரில் லென்ஸ் பொருந்தும் விளிம்புக்கும் சென்சாருக்கும் இடையே 46.5 மி.மீ. இருந்தது, நிக்கானின் மிர்ரர்லெஸில் அது 16 மி.மீ. கேனானில் 44 மி.மீ. ஆக இருந்தது 20 மி.மீ. ஆகியிருக்கிறது. பழைய லென்ஸைப் புதிய உடலில் பொருத்த, நிக்கானில் மிச்சமுள்ள 30.5 மி.மீ.யையும் கேனானில் 24 மி.மீ.யையும் நிரப்பும் ஒரு குழாய் போதும். உள்ளே கண்ணாடி வில்லை எதுவும் இல்லை, லென்ஸும் உடலும் பேசிக்கொள்ள மின்தொடர்புகள் மட்டுமே உண்டு. எனவே இன்று வாங்கும் மோட்டாருள்ள 50 மி.மீ. லென்ஸ், அந்தக் குழாயின் துணையோடு, நாளை வாங்கப்போகும் மிர்ரர்லெஸிலும் அதே எஃப் 1.8 ஒளியைத் தரும்.