எட்டு டிகிரிச் சரிவில் நிற்கும் கத்தி

வாசகர் ஒருவர் மூன்று மடக்குக் கத்திகளைக் குறிப்பிட்டு, தினமும் பாக்கெட்டில் வைத்துக்கொள்ள எது நல்லது என்று கேட்டிருக்கிறார். விக்டோரினாக்ஸ் கேடட், ஒபினெல் 8-ஆம் எண், மூன்றாவதாக ஆன்லைனில் பல பெயர்களில் விற்கும் லைனர் லாக் கத்தி ஒன்று, அதாவது கைப்பிடிக்குள் இருக்கும் தகடே பூட்டாக வேலைசெய்யும் வகை. கடிதத்தில் பாதி எஃகின் ரகத்தைப் பற்றியே இருந்தது. பார்சல் பிரிக்கவும் கயிறு அறுக்கவும் மாம்பழம் நறுக்கவும் பயன்படும் கத்தியில் எஃகைவிட முக்கியமானவை இரண்டு: அலகு எவ்வளவு மெல்லியது, திறந்த அலகு விரல்மேல் மடங்காமல் எது தடுக்கிறது.

முதலாவதைச் சீக்கிரம் முடித்துவிடலாம். ஒபினெல் அலகின் முதுகு 2 மி.மீ.க்கும் குறைவு. லைனர் லாக் கத்திகளில் 3 மி.மீ. சாதாரணம். ஆப்பிளில் இறக்கினால் ஒபினெல் வழுக்கிக்கொண்டு போகும், தடித்த அலகு பாதி ஆழத்தில் பழத்தைப் பிளக்கும். கேடட்டின் எஃகு துருப்பிடிக்காத வகை, கடினத்தன்மை ராக்வெல் அளவில் சுமார் 56. சீக்கிரம் மழுங்கும், அதே சீக்கிரத்தில் சாணைக்கல்லில் கூராகிவிடும். பக்கத்துக்கு 15 முதல் 20 டிகிரி சாய்த்துத் தேய்த்தால் போதும். ஒபினெல் துருப்பிடிக்காத எஃகிலும் கிடைக்கிறது, சாதாரணக் கார்பன் எஃகிலும் கிடைக்கிறது. கார்பன் எஃகு அருமையாகக் கூர் ஏறும். ஆனால் எலுமிச்சையோ மாங்காயோ நறுக்கிவிட்டுத் துடைக்காமல் வைத்தால் கறுத்துவிடும்.

இரண்டாவதுதான் விஷயம்.

கேடட்டில் பூட்டே கிடையாது. கைப்பிடியின் முதுகோடு ஓடும் எஃகு வில் ஒன்று அலகின் அடியை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கிறது. அந்த அடிப்பகுதியில் தட்டையான முகங்கள் உண்டு. திறந்த நிலையில் வில்லின் தட்டையும் அலகின் தட்டையும் ஒட்டி நிற்கும். மடக்க வேண்டுமென்றால் அலகின் மூலை வில்லைத் தூக்கியாக வேண்டும். அந்தத் தூக்கும் விசைதான் மொத்தப் பாதுகாப்பும். விக்டோரினாக்ஸைத் தொடங்கிய ஸ்விட்சர்லாந்தின் கார்ல் எல்செனர் 1897-இல் பதிவுசெய்த அதிகாரிகள் கத்தியில் ஒரே வில் இரண்டு பக்கக் கருவிகளையும் தாங்கியது. சிறிய கைப்பிடிக்குள் அத்தனை கருவிகள் அடங்கியது அதனால்தான்.

ஒபினெலில் கழுத்தைச் சுற்றி ஒரு வளையம். 1955-இல் வந்தது. அலகைத் திறந்து வளையத்தைத் திருப்பினால், அதன் வாய் நகர்ந்து அலகு திரும்பிவரும் வழியை அடைத்துவிடும். அலகு அழுத்துவது ஒரு திசை, வளையம் சுழல்வது வேறு திசை. எவ்வளவு அழுத்தினாலும் வளையம் சுழலக் காரணமில்லை. இதன் தொல்லை பூட்டில் இல்லை, மரத்தில் இருக்கிறது. பீச் மரக் கைப்பிடி ஈரம் குடித்து ஊதினால் அலகு உள்ளே இறுகிக்கொள்ளும். நகத்தை ஒடித்துக்கொள்ள வேண்டாம். வளையம் திறந்த நிலையில் இருக்க, கைப்பிடியின் பின்முனையை மேசை விளிம்பில் தட்டினால் அலகு தலைகாட்டும். கத்தி பிறந்த பிரான்சின் சவாய் மலைப்பகுதி பெயரால் வழங்கும் பழைய உத்தி இது.

இனி லைனர் லாக். கைப்பிடி ஓட்டுக்குள் மெல்லிய உலோகத் தகடு ஒன்று இருக்கும். அதில் நீளவாக்கில் வெட்டுப் போட்டு, ஒரு நாக்கைப் பிரித்து, உள்பக்கம் சற்றே வளைத்திருப்பார்கள். கத்தி மடிந்திருக்கும்போது அலகு அந்த நாக்கை ஓரமாக ஒதுக்கி வைத்திருக்கும். நாக்கில் பதித்த கடுகளவு குண்டு ஒன்று அலகிலுள்ள குழியில் உட்கார்ந்து, பாக்கெட்டுக்குள் அது தானாகத் திறக்காமல் பார்த்துக்கொள்ளும். அலகு முழுதாகத் திறந்ததும் வழி விலகும். நாக்கு டக்கென்று பாய்ந்து அலகின் அடிக்குப் பின்னால் முட்டுக்கொடுத்து நிற்கும். இதை இன்றைய வடிவத்துக்குக் கொண்டுவந்தவர் மைக்கேல் வாக்கர் என்ற அமெரிக்கக் கத்திக் கலைஞர், 1980-களின் தொடக்கத்தில்.

நாக்கு முட்டும் அந்த முகத்தை உற்றுப் பாருங்கள். அது நேராக வெட்டப்பட்டிருக்காது. சுமார் 7 முதல் 10 டிகிரி சரிவாக இருக்கும். நேராக இருந்தால் நூலளவு இடைவெளி விழுந்தாலும் அலகு ஆடும், தேயத் தேய ஆட்டம் கூடும். சரிவாக இருந்தால் நாக்கு இறுகும்வரை உள்ளே ஏறிக்கொண்டே போகும். கோடாரிக் காம்பில் அறையும் ஆப்பு செய்வதும் இதைத்தான். தேய்ந்தால் இன்னும் கொஞ்சம் ஏறும், அவ்வளவே. புதுக் கத்தியில் நாக்கு அலகின் தடிமனில் கால் பங்கு முதல் பாதிவரை மட்டும் மறைப்பது இதற்காகவே. மீதி இடம் பிற்காலத் தேய்மானத்துக்கு.

ஆனால் ஆப்பு ஏறிய வழியே இறங்கவும் செய்யும். கணக்கைப் பாருங்கள். அலகின் நுனி சுழலும் ஆணியிலிருந்து 70 மி.மீ., நாக்கு முட்டும் இடம் 7 மி.மீ. நுனியின் முதுகில் 5 கிலோ அழுத்தம் விழுந்தால் நெம்புகோல் விதிப்படி நாக்கின்மேல் 50 கிலோ. சரிவு 8 டிகிரி என்றால் அதில் சுமார் 7 கிலோ நாக்கைப் பக்கவாட்டில் வெளியே தள்ளும். கட்டைவிரலால் நகர்த்தக்கூடிய நாக்கு அது. பிறகு எது பிடித்து நிறுத்துகிறது?

உராய்வு. பள்ளியில் ஒரு பலகைமேல் கட்டையை வைத்து, பலகையை மெல்லச் சாய்த்து, எந்தக் கோணத்தில் கட்டை நழுவுகிறது என்று பார்த்திருப்பீர்கள். அந்தக் கோணத்தின் டேன் மதிப்பே உராய்வுக் கெழு. கட்டை எவ்வளவு கனமானாலும் கோணம் மாறாது. கத்தியில் நடப்பதும் அதே சோதனைதான். நாக்கு கட்டை, அலகின் அடி பலகை. சரிவு நழுவும் கோணத்துக்குக் கீழே இருக்கும்வரை 5 கிலோ விழுந்தாலும் 10 கிலோ விழுந்தாலும் நாக்கு வழுக்காது, ஏனென்றால் தள்ளும் விசை கூடும்போது பிடிக்கும் விசையும் அதே விகிதத்தில் கூடுகிறது. எண்ணெய் பட்ட எஃகுக்குக் கெழு சுமார் 0.15, கோணம் 8.5 டிகிரி. உலர்ந்த எஃகுக்குக் கெழு 0.3-க்கும் மேல் போகும், கோணம் 17 டிகிரிக்கு அருகில். அதாவது 8 டிகிரிச் சரிவு உலர்ந்திருந்தால் இரட்டை மடங்கு பத்திரம், எண்ணெய் பட்டால் விளிம்பில் நிற்கிறது.

இந்தக் கெழுவைக் காகிதத்தில் கணக்குப் போட்டு எடுக்க முடியாது, ஒவ்வொரு பரப்பு ஜோடிக்கும் அளந்துதான் பார்க்க வேண்டும். 1966-இல் பிரிட்டனின் பொறியாளர் பீட்டர் ஜோஸ்ட் தலைமையிலான குழு, உராய்வையும் தேய்மானத்தையும் கவனித்தாலே பிரிட்டன் ஆண்டுக்கு 50 கோடி பவுண்டுக்கு மேல் மிச்சம்பிடிக்கலாம் என்று அறிக்கை கொடுத்தது. நம் பொறியியல் கல்லூரிகளுக்கு இத்துறையில் தாராளமாக நிதி கொடுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. கையில் இரும்பு இருந்தால் காத்து கருப்பு அண்டாது என்று நம்பும் வீட்டில்கூட, அந்த இரும்பு எப்படிப் பிடித்து நிற்கிறது என்பதைப் பிள்ளைகளுக்குக் காட்டலாம்.

ஆகவே எண்ணெய் ஒரு சொட்டு, சுழலும் ஆணிக்கு மட்டும். நாக்கின் முகத்தையும் அலகின் சரிவையும் துணியால் உலரத் துடைத்துவிடுங்கள். நாக்கு ஒட்டிக்கொள்கிறது என்று சிலர் அங்கே பென்சில் கரி தேய்ப்பார்கள். வேண்டாம், அது கத்தியை நிறுத்தும் உராய்வையே குறைக்கிறது. பாக்கெட் பஞ்சு நாக்குக்கும் அலகுக்கும் நடுவே சேர்ந்தால் நாக்கு முழுதாக ஏறாது, பல்குச்சியால் எடுத்துவிடலாம். நாக்கு மறு ஓரம்வரை போய்விட்டால் தேய்மானத்துக்கு இடம் தீர்ந்துவிட்டது என்று பொருள். இன்னொன்று: கைப்பிடியை இறுக்கிப் பிடித்து முறுக்கும்போது விரல் சதை நாக்கைத் தள்ளிவிடக்கூடும். கெட்டிக் கயிறு அறுக்கையில் பிடியைக் கவனியுங்கள்.

பூட்டைச் சோதிக்க, அலகு மடங்கும் பாதையில் விரல் இல்லாதபடி கைப்பிடியை இரண்டு பக்கமும் பிடித்து, அலகின் முதுகை மரப்பலகையில் வைத்து மெதுவாக அழுத்துங்கள். வீடியோக்களில் செய்வதுபோல் ஓங்கி அடிக்காதீர்கள். அடியில் அலகு துள்ளும் கணத்தில் நாக்கின்மேல் அழுத்தமே இருக்காது, அழுத்தம் இல்லாவிட்டால் உராய்வும் இல்லை.

கேட்டவருக்கு என் பதில் கேடட். 84 மி.மீ. நீளம், 46 கிராம், பாக்கெட்டில் இருப்பதே தெரியாது. சமைக்கவும் பழம் நறுக்கவும் என்றால் ஒபினெல். லைனர் லாக் ஒற்றைக் கையால் திறக்க வேண்டியவருக்கு. பிரிட்டனில் இருப்பவர்கள் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: அங்கே பொது இடத்தில் காரணம் சொல்லாமல் வைத்துக்கொள்ள அனுமதி, வெட்டும் விளிம்பு 3 அங்குலத்துக்கு மேற்படாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்திக்கு மட்டுமே. அலகு எவ்வளவு சிறியதானாலும் நாக்கோ வளையமோ பூட்டினால் அந்த விலக்கு கிடையாது.