சாந்து பூசினால் துரு போகுமா?

போன வாரம் மறுபடியும் ஒரு மேம்பாலத்தைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். கடலோர ஊர், நாற்பது வயது தாண்டிய பாலம். அடியிலிருந்து ஒரு கான்கிரீட் துண்டு பெயர்ந்து நிறுத்தியிருந்த ஆட்டோ மேல் விழுந்திருக்கிறது, நல்லவேளை உள்ளே ஆள் இல்லை. ஏணி போட்டு ஏறினால், முன்பு சாந்து பூசிய இடம் கல்லு மாதிரி இருக்கிறது. விழுந்தது அதைச் சுற்றியிருந்த பழைய கான்கிரீட். "பூசின இடம் நல்லாத்தானே சார் இருக்கு?" என்றார் ஒப்பந்தக்காரர். எத்தனை பாலத்தில்தான் இதையே கேட்பது!

ஐயா, உப்பு ஊறிய கான்கிரீட்டுக்குள் கம்பி துருப்பிடிப்பது ஒரு பேட்டரி ஓடுகிற மாதிரி. ஓரிடத்தில் கம்பி அரிக்கும்போது, தன்னைத் தின்னக் கொடுத்தே பக்கத்துக் கம்பியைக் காப்பாற்றிக்கொண்டிருக்கும். அந்த இடத்தை மட்டும் கொத்திப் புதுக் கலவையை அடைத்தால் அங்கே அரிப்பு நிற்கும், சரி. ஆனால் சுற்றிலும் உப்பு அப்படியேதான் இருக்கிறது, இவ்வளவு நாள் கிடைத்த காவலும் போயிற்று, அதனால் ஒட்டுப் போட்டதன் விளிம்பில் புதிதாக அரிக்கத் தொடங்கும். துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் கேட்கும், கான்கிரீட் பிளந்து விழாமல் என்ன செய்யும்? கம்பியின் முதுகைக் கொத்தாமல் முகத்துக்கு மட்டும் பவுடர் போடுகிற வேலைக்கு இன்னும் பில் பாஸ் ஆகிறது என்பதுதான் எனக்கு வயிற்றெரிச்சல்.

இத்தாலியின் ஜெனோவாவில் 1967இல் திறந்த பாலம் 2018 ஆகஸ்ட் 14 அன்று இடிந்து 43 பேர் இறந்தார்கள். பாரம் தாங்கும் இழுவைக் கம்பிகளைக் கான்கிரீட்டுக்குள்ளேயே பொதிந்து கட்டியிருந்தார்கள், உள்ளே அரித்தாலும் கண்ணுக்குத் தெரியாது. கடற்காற்றும் ஆலைப்புகையும் அந்தப் பாலத்தை அரிப்பதாக அதை வடிவமைத்த மொராண்டியே 1979இல் எழுதிவைத்திருக்கிறார்.

ஆகவே, பூசுவதற்கு முன் சுத்தியலால் தட்டுங்கள், 'தொம்' என்று கேட்கிற இடத்தையெல்லாம் பெயர்த்து எடுங்கள். கம்பிக்குப் பின்னால் விரல் நுழையும் அளவுக்குக் கொத்தி, துருவில்லாத கம்பி தெரியும்வரை அதன் போக்கிலேயே போங்கள். மணல் வீச்சில் கம்பி பளபளக்க வேண்டும், வயர் பிரஷ்ஷால் நாலு தேய் தேய்த்தால் போதாது. விளிம்பை ஒட்டித் துத்தநாகக் கட்டியைக் கம்பியோடு கட்டுங்கள், இனிமேல் கம்பிக்குப் பதில் அது கரையட்டும். அப்புறம் கலவை, அதற்கும் அப்புறம்தான் பெயிண்ட். தூணில் ஓவியம் வரைவது அழகுதான், வேண்டாம் என்று சொல்லவில்லை. பழுப்புக் கோடு ஒழுகியிருந்தால் மட்டும் அதை மறைப்பதற்கு முன் எங்களை ஒரு நாள் ஏற விடுங்களேன்.

பாலத்தில் தண்ணீர் தேங்குவதைக் கவனிக்காமல் வேறெதைச் செய்தும் பயனில்லை. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே அடுக்கிக்கொண்டே போனால் பாரமும் ஏறும், வடிகுழாயின் வாயும் மூடும். அன்றைக்கு அந்தப் பாலத்தில் ஒரு குழாயைக் கம்பி விட்டுக் குத்தினேன்: குப்பை மண், இரண்டு பிளாஸ்டிக் பாட்டில், நன்றாக வேர்விட்ட ஒரு அரசங்கன்று.